திருச்சிராப்பள்ளி – ஸ்ரீரங்கம்: எண்ணெய் வண்ண நிலக்காட்சி ஓவியம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, காவிரி, கொள்ளிடம், ஸ்ரீரங்கம் தீவு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்ட ஓவியங்களையும், இவ்வட்டாரத்தில் பிறந்தும் பயின்றும் வளர்ந்த ஓவியர்களின் நிலக்காட்சிப் பணியையும் இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது. அசையாப் பொருள் ஓவியம் இதனோடு சேர்த்துச் சுருக்கமாகக் கூறப்படுகிறது.

முன்வரலாறு

எண்ணெய் வண்ணம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இயற்கைக் காட்சியை விரிவாக வரைந்ததற்குத் திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை அருகிலுள்ள சித்தன்னவாசல் சமணக் குடைவரை சான்றாக நிற்கிறது. அதன் விதானத்திலுள்ள தாமரைக் குளத்தில் மீன்களும் பறவைகளும் யானைகளும் எருதுகளும் உலவ, பூப்பறிக்கும் மனிதர்கள் நீருக்குள் இறங்கி நிற்கின்றனர். இலைகளின் மேற்புறமும் அடிப்புறமும் வெவ்வேறு பச்சையில் காட்டப்பட்டிருப்பது கூர்ந்து பார்க்கத் தக்கது. இவ்வோவியத்தின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் காலமாகிய 7-ஆம் நூற்றாண்டு என்று முன்னோர் கருதினர். அங்குள்ள பாண்டியர் கல்வெட்டைக் கொண்டு 9-ஆம் நூற்றாண்டு என்பது பின்வந்தோர் கருத்து. இரண்டு காலத்திலும் பணி நடந்திருக்கலாம் என்போரும் உளர்.

ஸ்ரீரங்கம் கோயிலில் நாயக்கர் காலச் சுவரோவியங்கள் உள்ளன. அவற்றில் மரமும் ஆறும் தெய்வக் கதைக்குப் பின்புலமாக மட்டுமே வருகின்றன.

கம்பெனிக் காலம் (1770–1800)

இப்பொருள் பற்றி மிகுதியான சான்றுகள் கிடைப்பது இந்த முப்பது ஆண்டுகளுக்கே. இதற்குக் காரணம் போர். 1751 முதல் 1754 வரை கர்நாடக நவாபுப் பதவிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளியைச் சுற்றிப் பொருதனர். 1752-இல் பிரெஞ்சுப் படை சரணடைந்தது ஸ்ரீரங்கம் தீவில்தான். இப்போர்களின் வரலாறு லண்டனில் அச்சாகிப் பரவியபோது, சென்னையையும் கல்கத்தாவையும் தவிர வேறு ஊர் அறியாத ஆங்கில வாசகருக்கும் திருச்சியின் மலைக்கோட்டைப் பாறை பழக்கமாயிற்று. வெற்றியின் அடையாளமாக அதைச் சுவரில் மாட்டிவைக்க விரும்புவோர் பெருகினர்.

மலைக்கோட்டையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர்களுள் முதல்வராகக் கருதத் தக்கவர் பிரான்சிஸ் ஸ்வெய்ன் வார்டு (இறப்பு 1794). சென்னைப் படையில் அதிகாரியாக இருந்து, 1760-களின் நடுவில் விலகி இங்கிலாந்து திரும்பி ஓவியத் தொழிலில் இறங்கியவர் அவர். 1773-ஐ ஒட்டி, தமிழ்நாட்டுக் கோயில்களும் கோட்டைகளும் மிகுந்த பத்து ஓவியங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களுக்கு அளித்தார். அதன் பின் அவருக்குப் படையில் மீண்டும் இடம் கிடைத்தது. ஓவியங்களே அப்பதவியைப் பெற்றுத் தந்தன என்பர். திருச்சிப் பாறையும் அத்தொகுதியில் இடம்பெற்றது. அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இவற்றின் காலத்தை 1772–73 என்று கொண்டால், திருச்சியின் முதல் எண்ணெய் வண்ண நிலக்காட்சி காவிரிக் கரையில் அன்றி, பழைய குறிப்புப் படங்களைப் பார்த்து லண்டனில் தீட்டப்பட்டதாகவே கொள்ள வேண்டும்.

இதில் வியப்பில்லை. அன்றைக்கு எண்ணெய் வண்ணம் திறந்த வெளிக்கு உரிய சாதனமாக இருக்கவில்லை. நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். வேண்டும்போது ஊசியால் குத்திப் பிதுக்குவார்கள். ஒருமுறை குத்திய பையில் எஞ்சியது விரைவில் இறுகிவிடும். எனவே வெளியில் பென்சிலும் நீர்வண்ணமும், அறைக்குள் எண்ணெய் வண்ணமும் என்பதே வழக்கம். ஜான் ராண்டு என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்கு 1841-இல் காப்புரிமை பெற்ற பிறகே, எண்ணெய் வண்ணப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவது எளிதாயிற்று.

வார்டுக்குப் பின் வந்தவர்கள் தாமஸ் டேனியல் (1749–1840), அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் (1769–1837). 1786-இல் கல்கத்தா வந்த இவ்விருவரும் வடநாட்டுப் பயணத்தை முடித்து, அங்கே தீட்டிய 150 எண்ணெய் வண்ண ஓவியங்களைக் குலுக்கல் சீட்டு முறையில் விற்றனர். தென்னாட்டுப் பயணத்துக்கு முதலாக அமைந்தது அந்தப் பணமே. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, பெங்களூர், கோவை, திண்டுக்கல், மதுரை, பாபநாசம், இராமேசுவரம் வழியாகத் திருச்சிராப்பள்ளி வந்து, தஞ்சாவூர், மாமல்லபுரம் கண்டு அவ்வாண்டு நவம்பரில் சென்னை திரும்பினர். பல்லக்கும் சுமையாட்களும் கூடாரமுமாகச் சென்ற அக்கூட்டத்தில் இருட்டுப்பெட்டியும் இருந்தது. எதிரேயுள்ள காட்சியை வில்லையால் தாளின் மேல் விழச்செய்யும் அப்பெட்டியின் துணையால் பாறையின் விளிம்பையும் மண்டபத் தூண்களின் எண்ணிக்கையையும் பிழையின்றிப் பிடித்தனர். வண்ணம் தீட்டும் வேலை பின்னால் நடந்தது. 1793 பிப்ரவரியில் சென்னையில் மற்றொரு குலுக்கல் நடந்தது. அதில் 68 எண்ணெய் வண்ண ஓவியங்கள் இருந்தன. யார் யார் வீட்டுக்குப் போயின என்று தெரியாமல் அவற்றுள் பல கலைந்துவிட்டன.

தமிழ் வாசகருக்கு இன்று எட்டக் கூடியவை டேனியல்களின் செம்புத் தகட்டு அச்சுப் படங்களே. 1795 முதல் 1808 வரை வெளிவந்த 144 படங்கள் அடங்கிய ‘ஓரியண்டல் சீனரி’யின் இரண்டாம் வரிசையில் திருச்சிப் படங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று தென்கிழக்கிலிருந்து கண்ட தோற்றம். மற்றொன்று காவிரியிலிருந்து கண்ட பாறை. இவை எண்ணெய் வண்ணம் அல்ல. ஆயினும் பின்னாளில் மலைக்கோட்டையை வரைந்தவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டு கோணங்களுக்குள்ளேயே நின்றுவிட்டனர். ஊருக்குள்ளிருந்து, சின்னக்கடைத் தெரு மாடிகளுக்கு மேலே திடீரென்று பாறை எழும் கோலத்தை, இங்கே வாழ்பவர் நாள்தோறும் பார்க்கும் கோலத்தை, அக்கால ஓவியர் பெரும்பாலோர் பெரிதாகப் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை.

வானவரை கொண்டு காலம் காணுதல்

நாளிடாத திருச்சி ஓவியங்களின் காலத்தைக் கணிக்க அவற்றின் வானவரையே, அதாவது வானத்தை ஒட்டித் தெரியும் ஊரின் விளிம்பே, நம்பத் தக்க துணை. ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள பாறையும் உச்சிப் பிள்ளையார் கோயிலும் எல்லாப் படங்களிலும் ஒன்றாகவே இருக்க, சுற்றியுள்ளவை மாறுகின்றன. ஊரைச் சுற்றிக் கோட்டை மதிலும் அகழியும் தெரிந்தால் படம் 19-ஆம் நூற்றாண்டில் அவை அகற்றப்படுவதற்கு முற்பட்டது. அந்நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. தெப்பக்குளத்துக்கு அருகே லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரம் எழுந்து நின்றால் 1890-களுக்குப் பிற்பட்டது.

மிகச் சிறந்த அளவுகோல் ஸ்ரீரங்கத்தின் தெற்கு இராயகோபுரம். விசயநகர அரசர் தொடங்கியதாகச் சிலரும் நாயக்கர் தொடங்கியதாகச் சிலரும் கூறும் அக்கோபுரம், கல்லாலான அடித்தளத்தோடு பல நூற்றாண்டுகள் நின்றுபோயிற்று. மேலே செங்கல்லும் சுதையும் ஏறாமல், செடி முளைத்து, அகன்று குந்திய அந்த மொட்டை வாயிலைப் பழைய படங்களில் காணலாம். அகோபில மடம் 44-ஆம் பட்டம் ஜீயரின் முயற்சியால் 1979-இல் பணி மீண்டும் தொடங்கி, 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக முடிந்து, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடந்தது. ஸ்ரீரங்கத்தின் தென்புறத் தோற்றத்தில் அக்கோபுரம் முழுமையாக நின்றால், ஓவியர் பழைய பாணியில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், ஓவியம் 1980-களுக்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. விற்பனைக்கு வரும் ‘பழைய’ ஓவியங்களைச் சோதிப்போர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

19-ஆம் நூற்றாண்டு

இந்நூற்றாண்டில் திருச்சி வேறொரு வகை ஓவியத்துக்குப் பெயர் பெற்றது. மெல்லிய அபிரகத் தகட்டின் மேல் தொழிலாளர், தெய்வங்கள், திருவிழாக்கள் ஆகியவற்றை வரைந்து வெள்ளையருக்குத் தொகுதியாக விற்கும் தொழில் அது. முர்ஷிதாபாத், பாட்னா ஆகியவற்றோடு திருச்சியும் அதன் முக்கிய மையம். அவற்றில் நிலக்காட்சி அரிது.

1858-இல் லின்னேயஸ் டிரைப் சென்னை அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்து எடுத்த படங்கள் திருச்சிராப்பள்ளிக்கு ஒரு தொகுதி, ஸ்ரீரங்கத்துக்கு ஒரு தொகுதி என்று வெளிவந்தன. ஆவணம் என்ற அளவில் நிலக்காட்சி ஓவியத்தின் தேவை அத்தோடு குறைந்தது. அதன் பின் வந்தவர்கள் தம் விருப்பத்துக்காக வரைந்தவர்களே. வைசிராய் நார்த்புரூக்கின் அழைப்பில் இந்தியா வந்த எட்வர்டு லியர் (1812–1888) 1874-இல் திருச்சியில் வரைந்தார். இடத்திலேயே பென்சிலால் விரைந்து கோடிட்டு, எந்த இடத்தில் என்ன நிறம் என்பதைப் படத்தின் மேலேயே சொற்களால் எழுதி வைத்து, பின்னர் மையும் நீர்வண்ணமும் ஏற்றுவது அவர் முறை. எண்ணெய் வண்ணப் பெரும் படங்கள் ஐரோப்பாவிலுள்ள அவருடைய பணியறையில் உருவாயின.

வெளியில் அமர்ந்து நேராக எண்ணெய் வண்ணத்திலேயே தீட்டியவர் மேரியன் நார்த் (1830–1890). 1877–79 இந்தியப் பயணத்தில் தஞ்சாவூரில் அறிஞர் ஏ. சி. பர்னலோடு பழகி, இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகொடிகளை அவர் தூண்டுதலால் வரைந்தார். லண்டன் கியூ தோட்டத்தில் 1882-இல் திறக்கப்பட்ட அவருடைய ஓவியக்கூடத்தில் 800-க்கு மேற்பட்ட ஓவியங்கள் உள்ளன. பூவை வெட்டிச் சாடியில் வைக்காமல், அது வளரும் மண்ணோடும் பின்னாலுள்ள கோயிலோடும் சேர்த்துத் தீட்டும் அவர் முறையில் நிலக்காட்சியும் அசையாப் பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. காவிரிப் படுகைக்கு அவர் அளித்த கவனம் குறைவே என்றாலும் அதன் தரம் பெரிது.

உள்ளூர் மரபு

தமிழ் ஓவியர் கையில் எண்ணெய் வண்ணம் முதலில் உருவப்படத்துக்கே பயன்பட்டது. மதுரை அழகிரி நாயுடு 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருவிதாங்கூர் அரசவையில் புகழ்பெற்றார். இரவிவர்மாவின் தம்பி சி. இராஜராஜவர்மா நிலக்காட்சியில் தனி ஈடுபாடு காட்டினார். தமிழ்நாட்டில் ஜமீன்தாரும் வக்கீலும் கேட்டது தம் முகத்தைத்தான். ஆற்றுக்கும் மலைக்கும் காசு கொடுப்பவர் இல்லை.

திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் பயின்ற நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) கவிஞராக அறியப்படுமுன் ஓவியராகவே பிழைத்தவர். தில்லி முடிசூட்டு விழாவை ஒட்டி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் குடும்பத்தை வரைந்த படத்துக்காகத் தங்கப் பதக்கம் பெற்றதாக அவருடைய வரலாறுகள் கூறுகின்றன. அவரும் முதன்மையாக உருவப்பட ஓவியரே.

நிலக்காட்சி பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது நாடக மேடை வழியாக. காடு, தெரு, அரண்மனை என்று துணியில் தீட்டிய ‘சீன்’ படுதாக்கள் கம்பெனி நாடகங்களுக்கு இன்றியமையாதவை. எம். கே. தியாகராஜ பாகவதர் வளர்ந்த திருச்சி அத்தகைய நாடக ஊர்களுள் ஒன்று. புகைப்பட நிலையத்தின் பின்திரையில் இருந்த ஏரியும் மாடிப்படியும் இதன் தொடர்ச்சி. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் சேர்த்து வைக்காத இப்படுதாக்கள் கிழிந்தும் மக்கியும் அழிந்தது பெரிய இழப்பு.

அசையாப் பொருள் ஓவியம் பள்ளிக்கூடம் வழியாகப் பரவியது. அரசுத் தொழில்நுட்ப ஓவியத் தேர்வின் ‘மாடல் டிராயிங்’ பாடத்துக்காக, மேசைமேல் வைத்த செம்பு, பெட்டி, பழம் ஆகியவற்றின் ஒளியும் நிழலும் பார்த்துப் பழகியவர்களே பிற்காலத்து டிராயிங் மாஸ்டர்கள். பித்தளைக் குடத்தின் வயிற்றில் சன்னல் ஒளி ஒரு வெள்ளைக் கீற்றாக விழுவதை வரையக் கற்றது பலருக்கு ஓவியத்தின் முதல் பாடம்.

கே. எம். ஆதிமூலம்

திருச்சி மாவட்டம் தந்த ஓவியருள் தலைசிறந்தவர் ஆதிமூலம் (1938–2008). துறையூர் வட்டாரத்துக் கீரம்பூரில் பிறந்து, சென்னை சென்று, சிற்பி எஸ். தனபாலின் ஆதரவில் அரசு ஓவியக் கல்லூரியில் பயின்றார். காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த கறுப்பு வெள்ளைக் காந்தி ஓவியங்களும் அரசர் வரிசையும் அவருக்குப் பெயர் தந்தன. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்த கோட்டோவியங்களால் பத்திரிகை வாசகரிடம் சென்று சேர்ந்தார்.

பின்னாளில் அவர் எண்ணெய் வண்ணத்துக்குத் திரும்பி, உருவம் நீங்கிய பெரிய கான்வாஸ்களைத் தீட்டினார். தூரிகையைவிடக் கத்தியால் வண்ணத்தை இழுத்துப் படிய வைத்த அப்பரப்புகளில் ஒரு நிறத்தின் விளிம்பில் அடியிலுள்ள மற்றொரு நிறம் பிதுங்கித் தெரியும். இவற்றை நிலக்காட்சி எனலாமா என்பதில் விமர்சகர் ஒருமுகமாக இல்லை. தூய அரூபம் என்பர் சிலர். உழுத மண்ணும் வெயில் ஏறிய வெளியும் நீர்த்தேக்கமும் தெரிகின்றன என்பர் சிலர். துறையூர்ப் பக்கம் கொல்லிமலை, பச்சைமலை அடிவாரத்துச் செம்மண்ணைக் கோடையிலும் மழைக்குப் பின்னும் பார்த்தவர்கள் இரண்டாம் கருத்தின் பக்கம் சாய்வது இயல்பு.

அண்மைக் காலம்

திருச்சி, தஞ்சை மாவட்ட மாணவர் பலர் ஓவியம் பயிலும் இடம் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கு பயின்ற எஸ். இளையராஜா (1979–2021) கிராமத்து வீடுகளின் உட்புறத்தையும் அங்கு புழங்கும் பெண்களையும் எண்ணெய் வண்ணத்தில் நுணுக்கமாகத் தீட்டிப் புகழ்பெற்றார். கொரோனாத் தொற்றால் இளம் வயதில் மறைந்தார். ஆற்றங்கரையில் ஈசல் வைத்து வரைவோர் இப்போதும் உண்டு. எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுவதால் காய நாட்கள் ஆகும். ஆடிக் காற்றில் பறக்கும் காவிரி மணல் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இக்காரணங்களால் வெளியில் நீர்வண்ணமும் அக்ரிலிக்கும் மிகுந்துவிட்டன.