இரண்டாவது கையெழுத்து: நெருக்கடிநிலைக்குப் பிந்தைய நெல்லைச் சீமையில் உள்ளாட்சியும் ஜனநாயகமும்

1977 மார்ச் மக்களவைத் தேர்தலை நெருக்கடிநிலைக்கு மக்கள் அளித்த தீர்ப்பு என்றே வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. உத்தரப்பிரதேசத்திலும் பிகாரிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாடு நேர்மாறாக வாக்களித்தது. தி.மு.க. ஆட்சியை 1976 ஜனவரி 31 அன்று கலைத்து, அக்கட்சியினரை மிசா தடுப்புக்காவல் சட்டத்தில் சிறையிலடைத்த காங்கிரசுக்கும் அதன் கூட்டணிக் கட்சிகளான அ.தி.மு.க.வுக்கும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் இங்கே 39-இல் 34 இடங்கள் கிடைத்தன. திருநெல்வேலியில் அ.தி.மு.க.வின் ஆலடி அருணா வென்றார். தென்காசியும் திருச்செந்தூரும் காங்கிரசுக்குப் போயின.

எம்.ஜி.ஆரின் செல்வாக்கு ஒரு காரணம் என்பார்கள். கட்டாயக் கருத்தடை போன்ற கொடுமைகள் வடக்கில் நடந்த அளவுக்கு இங்கே நடக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் தவறல்ல. ஆனால் இரண்டுமே எதேச்சாதிகாரம் என்பதை டெல்லியில் தொடங்கி டெல்லியில் முடிந்த 21 மாத விவகாரமாக எடுத்துக்கொள்கின்றன. ஊருக்குள் நின்று பார்த்தால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 1970-இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1986-இல்தான். டெல்லியில் ஜனநாயகம் மீண்ட பிறகும் ஒன்பது ஆண்டுகள், தன் ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தாமிரபரணிக் கரைக் குடியானவருக்கு வரவில்லை. 1991-இல் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் 1996 வரை இடைவெளி.

ஒரு சமூகம் எதேச்சாதிகாரத்திலிருந்து வெளியேறியதா என்பதை ஆட்சிமாற்றத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. குடிநீர்க் குழாய்க்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் யாரைக் கேட்பது, பதில் சொல்லாதவரை அடுத்த தேர்தலில் இறக்க வழியுண்டா என்பதையும் வைத்து அளக்க வேண்டும் என்பதே என் வாதம். இராணுவ ஆட்சிகளிலிருந்து மீண்ட இலத்தீன் அமெரிக்க நாடுகளை ஆராய்ந்த அர்ஜென்டினா அறிஞர் கியர்மோ ஓடொனெல், 1990-களில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார்: அரசின் சட்டம் சென்று சேராத வட்டாரங்களை அவர் வரைபடத்தில் பழுப்பு நிறத்தால் குறித்தார். அங்கே வாக்குரிமை இருக்கும். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் உரிமை இருக்காது. நெல்லைக்கு இந்த வரைபடம் பாதிதான் பொருந்துகிறது. இங்கே அரசு இல்லாமல் இல்லை. ஆட்சியர் அலுவலகமாக, தேர்ந்தெடுத்தவர் இல்லாதபோது ஊராட்சியை நடத்தும் தனி அலுவலராக, மிதமிஞ்சியே இருக்கிறது.

அண்மைக் காலத்தையே பார்ப்போம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிற மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. மாவட்டப் பிரிவினையைக் காரணம் காட்டி விலக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் திருநெல்வேலியும், 2019 நவம்பரில் அதிலிருந்து பிரிந்த தென்காசியும் அடக்கம். இங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபரில். ஒரு முழுப் பதவிக்காலம் தனி அலுவலர்களிடமே கழிந்தது.

தேர்ந்தெடுத்தவர் இல்லாத ஊரில் மிஞ்சுவது மனு. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மனு வாங்கக் கூடும் குறைதீர்க்கும் கூட்டத்தை அரசின் பரிவுக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது உள்ளாட்சியின் தோல்விக்குச் சான்றாகவே படுகிறது. வாக்கு அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவது. மனுவோ அதிகாரத்தின் தயவை எதிர்பார்ப்பது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக அந்த அலுவலகத்தை நோக்கிச் சென்ற ஊர்வலமும் மனு கொடுக்கச் சென்றதுதான். காவல்துறை தடியடியில் கூட்டம் தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் மாண்டனர். அப்போது சென்னையில் இருந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை, கந்துவட்டி குறித்துப் பலமுறை மனு கொடுத்தும் பயனில்லாமல், கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் அதே வளாகத்தில் தீக்குளித்தார். அதன் பிறகு வாசலில் போலீசார் மனுதாரர்களின் பைகளைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமானது. குறை கேட்கும் முன் சோதனை.

தேர்தல் நடந்தாலும் கதை அங்கே முடிவதில்லை. 1996 முதல் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகள் சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டன. பழைய அதிகாரம் உடனே வேறொரு இடத்தைக் கண்டுபிடித்தது: காசோலை. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரை வாக்காளர் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் ஆதிக்கச் சாதியினராக இருந்து, கையெழுத்திட மறுத்தால் போதும். மோட்டார் ரிப்பேருக்குக்கூடப் பணம் வெளியே வராது. நாற்காலியைத் தடுக்கச் சட்டம் இடம் தராது. பேனாவை மூடிவைக்க இடம் தருகிறது.

அடங்க மறுத்தவர்களுக்கு நேர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன், அருந்ததியர், 2006-இல் கொல்லப்பட்டார். சிமெண்ட் ஆலை இருக்கும் தாழையூத்தில் தலைவராக இருந்த கிருஷ்ணவேணியும் அருந்ததியரே. 2011 ஜூனில் ஒரு கும்பல் அவரைச் சரமாரியாக வெட்டியது. பெண்களுக்குப் பொதுக் கழிப்பறை கட்டும் முயற்சியும் பகைக்கு ஒரு காரணம். அவர் உயிர் பிழைத்தார். குற்றவாளிகள் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நிகழ்வுகளைக் காட்டியே எதிர்வாதம் ஒன்று எழலாம்: ஊர் என்பதே சாதியின் கோட்டை, அதற்கு அதிகாரம் கொடுப்பதைவிட வெளியூர் அதிகாரியே மேல். அரசமைப்பு அவையில் கிராமத்தை அம்பேத்கர் கடுமையாகச் சாடியதும் இதே அச்சத்தால்தான். அச்சம் நியாயமானது, முடிவு பொருந்தாது. அவர் எதிர்த்த கிராமத்தில் ஒதுக்கீடு இல்லை. ஒதுக்கீடு வந்த பின் வன்முறை வெடித்தது என்றால், அந்த நாற்காலிக்கு உண்மையாகவே மதிப்பு வந்துவிட்டது என்றுதான் பொருள். ஒப்புக்கு வைத்த பதவிக்காக யாரும் அரிவாளைத் தூக்குவதில்லை. தனி அலுவலர் காலத்தில் ஊர் அமைதியாக இருந்தது என்பவர்கள், யாருடைய அமைதி என்பதையும் சொல்ல வேண்டும்.

பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் ஒன்பதாம் பகுதி தெளிவாகவே விதிக்கிறது. விதியை மீறிய அரசுக்கு என்ன தண்டனை என்பது மட்டும் அதில் இல்லை. தேர்தலைத் தள்ளிப்போடும் அரசு தன் ஆட்களையே தனி அலுவலராக அமர்த்திக்கொள்ள முடிகிறவரை, தள்ளிப்போடுவதில் அதற்கு நட்டமில்லை. இரண்டாவது கையெழுத்தும் அப்படித்தான்: முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு, குறித்த நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தராமல் மறுப்பவரின் ஒப்புதல் தானாகவே கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று திருத்தப்பட்டால், தணிக்கைக்கும் குறைவில்லை, தலைவருக்கும் தடையில்லை.