சிறு மேகமும் கருந்துளையும்: அஸ்ஸூஃபி காட்டிய வழி

ஹிஜ்ரி 353ஐ ஒட்டி, அதாவது கி.பி. 964 அளவில், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் வானியல் அறிஞர் நிலையான விண்மீன்களைப் பற்றி அரபு மொழியில் ஒரு நூலை எழுதி, பாரசீகத்தை ஆண்ட புவைஹி அமீர் அளுதுத் தவ்லாவுக்கு அர்ப்பணித்தார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தாலமி தொகுத்த பட்டியலே அதற்கு அடிப்படை. ஆயினும் அஸ்ஸூஃபி அதை அப்படியே படியெடுக்கவில்லை. விண்மீன்களின் ஒளியளவைத் தம் கண்ணால் மீண்டும் பார்த்தார். தாலமியோடு வேறுபட நேர்ந்த இடங்களில் தாம் கண்டதையே எழுதினார். ஆண்ட்ரோமெடா விண்மீன் குழுவில், அரபியர் வழக்கில் இருந்த பெரிய மீன் உருவத்தின் வாயருகே, தாலமி குறிப்பிடாத ஒன்றையும் பதிவு செய்தார். மங்கலான சிறு மேகம் என்பதே அவர் அதற்குத் தந்த விவரம்.

அந்த மேகம் இன்று ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் என்று அறியப்படுகிறது. நம் மேடைகளில் சிலர், விண்மீன் திரளை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம் என்று பெருமையுடன் சொல்வதுண்டு. அது நம் பால்வீதிக்கு அப்பால் உள்ள தனித்திரள் என்பதை அஸ்ஸூஃபி அறிந்திருக்கவில்லை, அறிந்ததாக எழுதவுமில்லை. 1923இல் எட்வின் ஹபிள் அதன் தொலைவை அளக்கும் வழியைக் கண்டபோதுதான் அவ்வுண்மை நிலைபெற்றது. ஆகவே அஸ்ஸூஃபியிடமிருந்து நாம் பெற்ற சொத்து எது என்று கேட்பது நம் கடமை. மங்கலானதையும் புறக்கணியாமல் பார்த்தல், பார்த்ததை மட்டும் எழுதுதல் என்னும் ஒழுக்கமே அச்சொத்து என்பது நம் எண்ணம். அவ்வொழுக்கம் இன்று எங்கே வேலை செய்கிறது என்பதற்கு, குறுந்திரள்களில் கருந்துளைகளைத் தேடும் வரலாறு நல்ல சான்று.

குறுந்திரள் என்பது சில நூறு கோடி விண்மீன்களோ அதனினும் குறைவாகவோ கொண்ட சிறிய விண்மீன் திரள். நம் பால்வீதியில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அஸ்ஸூஃபியின் மேகத்துக்கு அருகிலேயே அத்தகைய சிறு துணைத்திரள் ஒன்று இருக்கிறது. 1749இல் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டி அதைக் கண்டார்; இன்று அதன் பெயர் எம் 32. 1984இல் ஜான் டோன்றி அதன் நடுவே விண்மீன்கள் சுழலும் வேகத்தை ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பெருநிறை ஒன்று அங்கே இருப்பதற்கான சான்றை வெளியிட்டார். பின்னர் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி அதை உறுதி செய்தது. சூரியனைப் போல் சுமார் 25 இலட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை அது.

இது எளிதில் எதிர்பார்க்கப்பட்ட ஒன்றன்று. 1963இல் குவாசர்களின் தொலைவு தெரியவந்தபின், பெருங்கருந்துளைகள் பெருந்திரள்களின் மையத்துக்கே உரியவை என்ற எண்ணம் வலுத்தது. 1990களில், திரளின் நடுப் புடைப்பு எவ்வளவு பெரிதோ அதற்கேற்பக் கருந்துளையும் பெரிதாகிறது என்ற தொடர்பு தெளிவாயிற்று. அப்படியாயின் புடைப்பே இல்லாத சிறு திரளில் கருந்துளைக்கு இடமேது என்று கேட்பது இயல்பே. ஆனால் 1989லேயே ஃபிலிப்பென்கோவும் சார்ஜென்டும், புடைப்பற்ற என்ஜிசி 4395 என்னும் சிறு திரளின் நடுவில் கருந்துளைக்குரிய ஒளிக்குறிகளைக் கண்டு எழுதியிருந்தனர்.

அதன் நிறையை அளந்த கதை நாம் கவனிக்கத்தக்கது. கருந்துளையைச் சூழ்ந்த வாயுவின் நடுவில் ஒளி ஏறி இறங்கும்போது, சற்று வெளியே உள்ள வாயு சிறிது நேரம் கழித்து அதற்கு எதிரொலி தருகிறது. அந்தத் தாமதத்தைக் கொண்டு தூரத்தையும், வாயுவின் வேகத்தைச் சேர்த்து நிறையையும் கணக்கிடலாம். 2005இல் ஒரு குழு இம்முறையில் கணக்கிட்டு, 3,60,000 சூரிய நிறை என்றது. 2019இல் மற்றொரு குழு ஹைட்ரஜன் ஒளியில் சுமார் 80 நிமிடத் தாமதத்தை அளந்து, ஏறத்தாழ 10,000 சூரிய நிறை என்றது. ஒரே பொருளுக்கு முப்பத்தாறு மடங்கு வேறுபாடு! இரு குழுக்களும் தம் வழிமுறையை வெளிப்படையாக எழுதியதனாலேயே பிறர் சரிபார்க்க இயன்றது.

இல்லை என்று எழுதுவதற்கும் அதே நேர்மை தேவை. 2001இல் அண்டைத் திரளான எம் 33 ஆராயப்பட்டது. குறுந்திரள்களைவிடச் சற்றுப் பெரியதாயினும் புடைப்பு ஏதும் இல்லாத திரள் அது. அதன் மையத்தில் கருந்துளை இருந்தால்கூடச் சில ஆயிரம் சூரிய நிறையைத் தாண்டாது என்பதே முடிவு. அந்த 'இல்லை'யும் ஒரு கண்டுபிடிப்பாகவே மதிக்கப்படுகிறது.

2011இல் ஏமி ரைன்ஸும் உடன் ஆய்வாளர்களும், விண்மீன்கள் வேகமாகப் பிறக்கும் ஹெனிஸ் 2-10 என்னும் குறுந்திரளில் வானொலி அலையும் எக்ஸ் கதிரும் ஒருங்கே வரும் புள்ளி ஒன்றைக் கண்டனர். கருந்துளை என்றனர் அவர்கள். வெடித்த விண்மீனின் எச்சம் என்று சிலர் மறுத்தனர். 2022இல் ஹபிள் பதிவுகள் விவாதத்தைக் கருந்துளையின் பக்கம் சாய்த்தன. அக்கருந்துளையிலிருந்து பாயும் வாயு, புது விண்மீன்கள் பிறக்கும் பகுதி வரை நீண்டிருந்தது. இதற்கிடையே 2013இல் ரைன்ஸ் குழு சுமார் 25,000 குறுந்திரள்களைச் சலித்து, 136இல் கருந்துளையின் அறிகுறிகளைக் கண்டது. 2025இல் அரிசோனாவில் உள்ள டெசி கருவியின் பதிவுகளிலிருந்து 1,15,000 குறுந்திரள்களை ஆராய்ந்தவர்கள், சுமார் 2,500இல் அவ்வறிகுறிகளைக் கண்டனர். இவை வாயுவை விழுங்கி ஒளிர்பவை மட்டுமே. உறங்கும் கருந்துளைகள் இக்கணக்கில் வருவதில்லை.

இத்தனை உழைப்பும் எதற்கு? நம் பால்வீதியின் நடுவே 40 இலட்சம் சூரிய நிறையும், எம் 87 திரளில் சுமார் 650 கோடி சூரிய நிறையும் கொண்ட கருந்துளைகள் உள்ளன. அவை எந்த வித்திலிருந்து வளர்ந்தன என்பதே வினா. முதல் தலைமுறை விண்மீன்கள் மடிந்து விட்டுச்சென்ற நூறு சூரிய நிறை அளவிலான சிறு வித்துகளா, மாபெரும் வாயுமேகம் நேரே சரிந்து உண்டான பல்லாயிரம் சூரிய நிறை வித்துகளா? பெருந்திரள்கள் பல திரள்களை விழுங்கி வளர்ந்தவை. அவற்றில் தொடக்கத்தின் சுவடு அழிந்துவிட்டது. குறுந்திரள்கள் அவ்வளவாக மாறாதவை. சிறு வித்துகளே பொதுவாயின், குறுந்திரள்களில் பெரும்பாலானவற்றில் கருந்துளை இருக்க வேண்டும். பெரு வித்துகள் மட்டுமாயின், சிலவற்றிலேயே இருக்கும். ஆகவே 'உண்டு' என்பதைப் போலவே 'இல்லை' என்பதும் இங்கே எண்ணப்படுகிறது.

இத்தேடலின் ஒரு சான்று நம் தென்வானிலும் தெரிகிறது. வைகாசி மாத முன்னிரவில், இருண்ட ஊர்களிலிருந்து, தெற்கே மங்கிய புள்ளியாக ஒமேகா சென்டாரியைக் காணலாம். தாலமி அதை ஒரு விண்மீன் என்றே பட்டியலிட்டார். உண்மையில் அது சுமார் ஒரு கோடி விண்மீன்களின் கொத்து. பால்வீதி முன்னொரு காலத்தில் விழுங்கிய குறுந்திரளின் எஞ்சிய மையம் என்று கருதப்படுகிறது. 2024இல் ஒரு குழு, ஹபிள் இருபது ஆண்டுகளாக எடுத்த 500க்கும் மேற்பட்ட படங்களை ஒப்பிட்டு, அதன் நடுவே மிக விரைவாக ஓடும் ஏழு விண்மீன்களைக் கண்டது. அவற்றைப் பிடித்து வைத்திருக்க, குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. மாற்று விளக்கம் தரும் ஆய்வுகளும் வந்துள்ளன, விவாதம் தொடர்கிறது.

கருந்துளையைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், இது நம் வேதத்தில் முன்பே கூறப்பட்டதுதான் என்று பகிர்வோர் நம்மிடையே பலர். அவர்களின் அன்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் 3,60,000 என்பது 10,000 ஆகிவிடும் துறையில், நேற்றைய எண்ணை இறைவசனத்தோடு பிணைப்பவர் நாளை எதைத் திருத்துவார்? வானங்களைச் சிந்திக்கும்படி அழைக்கப்பட்ட சமுதாயம் நாம். அந்த அழைப்புக்கு விடை, நம் பிள்ளைகளை இயற்பியலும் கணிதமும் ஊன்றிக் கற்கச் செய்வதும், தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லப் பழக்குவதுமே. நம் ஆலிம்கள் தம் தீர்ப்பை எழுதி முடித்தபின் ஒரு சொல்லைச் சேர்ப்பது வழக்கம். ஆய்வுக்கும் அது பொருந்தும்.

வல்லாஹு அஃலம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.