அரை மைல் வட்டமும் சோழவரம் ஓடுதளமும்

ஸ்டாக் கார் பந்தயம் கடையில் விற்கும் காரை வைத்து ஓட்டும் பந்தயமாகத் தொடங்கியது. பந்தயத்துக்கென்றே செய்த ஒற்றை இருக்கை வண்டிக்கு அதில் இடமில்லை. விற்பனைக்கு 'ஸ்டாக்'கில் நிற்கும் குடும்பக் கார்தான் ஓட வேண்டும் என்பது தொடக்க கால விதி. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இது வளர்ந்தது ஒரு மைலுக்கும் குறைவான நீள்வட்டப் பாதைகளில். அவற்றை 'ஷார்ட் டிராக்' என்பார்கள். வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் நகரத்துப் பௌமன் கிரே ஸ்டேடியத்தில், கால்பந்து மைதானத்தைச் சுற்றிப் போடப்பட்ட பாதையின் நீளம் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலுக்குள் இருக்கும் முற்றம் ஏறத்தாழ 170 மீட்டர் நீளம், 98 மீட்டர் அகலம். ஓரமாக ஒரு சுற்று வந்தால் அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்தச் சுற்றைவிடச் சிறிய வட்டத்தில், 1949 முதல் கோடைக்காலச் சனிக்கிழமை இரவுகளில், கார்கள் ஒன்றையொன்று உரசியும் இடித்தும் ஓடி வருகின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிய சோழவரத்தில் நடந்த பந்தயம். அங்கே வட்டப் பாதை கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம்தான் இருந்தது. ஆனால் ஓடிய வண்டிகளில் பெரும்பகுதி வீட்டு வாசலில் நிற்கிற ஃபியட்டும் அம்பாசிடரும். இரண்டு ஊர்களிலும் சாதாரணக் காரைப் பந்தயக் காராக்கியது சட்டத்தின் நெருக்கடி. கரோலினாவில் சாராயச் சட்டம், இங்கே இறக்குமதிச் சட்டம்.

அமெரிக்காவில் 1920-இல் வந்த மதுவிலக்கு 1933-இல் நீங்கியது. மலைப்பகுதிகளில் சாராயம் காய்ச்சுவது அதோடு நிற்கவில்லை. வரி கட்டாத சரக்குக்கு எப்போதும் விலை இருந்தது. காய்ச்சிய சரக்கை இரவோடு இரவாக நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். துரத்தும் வரித்துறைக்காரரைவிட வேகமாகப் போக வேண்டும். பகலில் பார்த்தால் சந்தேகம் வரக் கூடாது. 1932-இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினை மலிவு விலைக் காரில் வைத்து விற்றது இந்தத் தொழிலுக்கு வாய்ப்பாகப் போயிற்று. வெளித்தோற்றத்தைத் தொடாமல் உள்ளே எஞ்சினைக் கடைந்தார்கள், பின்புற ஸ்பிரிங் பட்டைகளுக்கு வலுவூட்டினார்கள். பின்பக்கம் தாழ்ந்து போகும் காரைப் பார்த்தாலே உள்ளே சுமை இருப்பது போலீஸுக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். சரக்கு இல்லாத நாட்களில் யார் வண்டி வேகம் என்ற தகராறு, உழுத வயலில் செம்மண் வட்டம் போட்டுத் தீர்த்துக்கொள்ளப்பட்டது. மதுவிலக்கு நம் சேலம் மாவட்டத்திலும் 1937-இல் வந்தது. கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற ஊரில் அதிலிருந்து கார் பந்தயம் பிறக்க வழியில்லை.

போருக்குப் பிறகு இந்த மண் வட்டங்கள் பெருகின. பரிசுப் பணத்தோடு ஓடிப்போகிற ஏற்பாட்டாளர்களும் கூடவே பெருகினார்கள். இதை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர, 1947 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு ஓட்டலின் மாடியில் பந்தய ஏற்பாட்டாளர் பில் பிரான்ஸ் கூட்டிய கூட்டத்திலிருந்து நாஸ்கார் அமைப்பு பிறந்தது. 1948 பிப்ரவரியில் முறைப்படி பதிவானது. கடையில் வாங்கிய புதிய மாடல் காரை அப்படியே ஓட்ட வேண்டும் என்ற விதியோடு அது நடத்திய முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில், முக்கால் மைல் மண் பாதையில் நடந்தது. 33 கார்கள் கிளம்பின, 200 சுற்றுகள். முதலில் வந்தவர் க்ளென் டனவே. பந்தயம் முடிந்து காரைச் சோதித்தபோது பின்புற ஸ்பிரிங் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. சாராயம் ஏற்றுகிறவர்கள் செய்யும் அதே வேலை. அந்த ஃபோர்டும் அந்தத் தொழிலில் ஓடிய கார்தான். டனவேயைத் தள்ளிவிட்டு, லிங்கன் காரில் வந்த கான்சஸ்காரர் ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். கார் உரிமையாளர் நீதிமன்றம் போனார், வழக்கு தள்ளுபடியானது. விதியை எழுதுகிற உரிமை பந்தயம் நடத்துபவருக்கே என்பது அதோடு உறுதிப்பட்டது. சாராய வண்டி பெற்ற பிள்ளை, முதல் பந்தயத்திலேயே தாயை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

ஆனாலும் ஓட்டுநர்கள் அதே ஆட்கள். ஜூனியர் ஜான்சன் 1956-இல் தகப்பனாரின் காய்ச்சும் அடுப்பருகே பிடிபட்டுச் சிறை போனார். திரும்பி வந்து ஓட்டினார். ஓட்டுநராக அவர் பெற்ற வெற்றிகள் 50. வர்ஜீனியாவின் டான்வில் ஊர் மெக்கானிக் வெண்டல் ஸ்காட் கறுப்பினத்தவர். தன் காரைத் தானே பழுதுபார்த்து ஓட்டிய அவர், 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் நகரின் அரை மைல் மண் பாதையில் முதலாவதாக வந்தார். வெற்றி இன்னொருவருக்கு என்று அறிவித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, சுற்றுகளை எண்ணியதில் பிழை என்று சொல்லி வெற்றியை அவர் பெயரில் எழுதினார்கள். கோப்பை அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021-இல். அப்போது அவர் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நீள்வட்டப் பாதையில் திருப்பம் எல்லாம் இடப்பக்கமே. அதற்கேற்ப காரே கோணலாகக் கட்டப்படுகிறது. எடையை முடிந்த அளவு இடப்பக்கம் தள்ளுவார்கள். வலது பின் டயரின் சுற்றளவு இடதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். மேசையில் உருட்டிவிட்ட காகிதக் கூம்பு தானாகவே வளைந்து ஓடுவதுபோல, கார் தானே இடப்புறம் திரும்பப் பார்க்கும். பின்புற ஸ்பிரிங் மேல் இருக்கும் ஒரு திருகாணியை ஓரிரு சுற்று முறுக்கினால் நான்கு சக்கரங்களின் மேல் விழும் பாரம் மாறிவிடும். பந்தயத்தின் நடுவே காரை நிறுத்தும் சில நொடிகளில் ஒருவர் நீண்ட ஸ்பானரைப் பின்கண்ணாடி அருகே செருகித் திருப்புவது இதற்குத்தான். அரை மைல் வட்டத்தில் எஞ்சின் பலத்தைவிட இந்தத் திருகாணியும் பிரேக்கின் ஆயுளும் பெரிது. பணமில்லாதவர் பணக்காரரை ஜெயிக்க அங்கே இடம் இருந்தது அதனால்தான்.

அந்த இடம் சுருங்கிக்கொண்டே போனது. 1950-இல் டார்லிங்டனில் ஒரு மைலுக்கு மேல் நீளமான தார்ப்பாதை வந்தது. 1970 செப்டம்பர் 30 அன்று ராலே நகரில் நடந்த பந்தயத்தோடு, நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயம் மண் பாதையை விட்டு ஐம்பது ஆண்டு விலகியிருந்தது. 1971-இல் வின்ஸ்டன் சிகரெட் நிறுவனம் பணம் போட வந்தது; அடுத்த ஆண்டே 48 பந்தயங்கள் 31 ஆகக் குறைந்தன. அடிபட்டவை சிறு ஊர்ப் பாதைகள். பௌமன் கிரே போன்றவை உள்ளூர்க்காரர்களின் சனிக்கிழமைப் பந்தயங்களோடு தங்கிவிட்டன. வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தப்பியது. 1947-இல் மண் பாதையாகத் தொடங்கி 1955-இல் தார் போடப்பட்ட இந்த 847 மீட்டர் வட்டம்தான், 1949-ஆம் ஆண்டின் பந்தயப் பட்டியலிலிருந்து இன்றுவரை இடைவிடாமல் முதல்நிலையில் இருக்கும் ஒரே பாதை. அங்கே ஜெயித்தவருக்குக் கோப்பைக்குப் பதில் ஆள் உயரக் கடிகாரம் தருகிறார்கள்.

சோழவரத்தின் கதை 1950களில் தொடங்குகிறது. போர் முடிந்ததும் உலகமெங்கும் வெறுமையாகக் கிடந்த விமான ஓடுதளங்களில் பந்தயக்காரர்கள் புகுந்தார்கள். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அப்படி வந்ததுதான், இலங்கையில் களுத்துறைப் பக்கத்துக் கட்டுகுருந்தையும் அப்படியே. 1953-இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. பார்வையாளர் மேடையோ நிரந்தரக் கட்டடமோ தேவைப்படாத ஏற்பாடு அது: நீண்ட நேர்கோடு, சட்டென்ற திருப்பங்கள், சுற்றிலும் பொட்டல். ஆண்டின் தொடக்க மாதங்களில் நடக்கும் பந்தயத்துக்குச் சென்னையிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் பெருங்கூட்டம் வந்தது. கார்களோடு மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் நடந்தன.

எந்தக் காரை ஓட்டுவது என்பதை அரசின் கொள்கையே முடிவு செய்துவிட்டது. வெளிநாட்டுக் கார் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டிருந்தது. நாட்டுக்குள் கார் செய்தவை மூன்றே நிறுவனங்கள்: பம்பாயில் ஃபியட் 1100 செய்த பிரீமியர், வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், சென்னையிலேயே ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு. ஃபியட்டின் எஞ்சின் 1,089 சிசி, அம்பாசிடருக்கு 1,489. கியர் கம்பி இரண்டிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே. பணம் கட்டிவிட்டுப் புதுக் காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டில், கிடைத்த காரைப் பிரித்து வேகம் கூட்டுவது மெக்கானிக்கின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது.

அந்தச் சாமர்த்தியம் எங்கே செலவானது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். முதலில் ஹெட்டைக் கழற்றி அடிப்பரப்பை நூலிழை அளவு சீவுவார்கள். பிஸ்டனுக்கு மேலிருக்கும் இடம் குறைந்து அழுத்தம் கூடும். அளவு மீறினால் வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சின் நொறுங்கும். பெட்ரோல் கலவை உள்ளே போகும் துளைகளின் சொரசொரப்பை உப்புத்தாள் கொண்டு கண்ணாடிபோல் தேய்ப்பார்கள். கார்புரேட்டர் பெரிதாகும், சைலன்ஸர் கழன்றுவிடும். பின் சீட், கதவின் உள்பலகை, தரைவிரிப்பு எல்லாம் பட்டறையிலேயே கிடக்கும். ஸ்பிரிங்கைத் தாழ்த்தியதும் கார் பதுங்கிய பூனைபோல் நிற்கும். கரோலினா சாராய வண்டிக்காரன் ஸ்பிரிங்கை ஏற்றினான், சோழவரத்து மெக்கானிக் இறக்கினான். மற்றபடி இருவர் கைப்பழக்கமும் ஒன்றுதான்.

சோழவரத்தில் ஓடியவை எல்லாம் உள்ளூர் வண்டிகள் அல்ல. பணமும் தொடர்பும் உள்ளவர்கள் வெளிநாட்டு ஒற்றை இருக்கைக் கார்களைக் கொண்டுவந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காகச் செய்யப்பட்ட என்சைன் காரையே அங்கு ஓட்டினார். வேகத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் தன் தெருவில் டாக்ஸியாக ஓடும் ஃபியட் அதே ஓடுதளத்தில் சீறிப் போவதைப் பார்ப்பதில் உள்ள சுவை வேறு. அமெரிக்கச் சிற்றூர்களில் ஃபோர்டுக்கும் செவர்லேக்கும் கட்சி பிரிந்து கத்தியதன் அடிப்படையும் இந்தச் சுவைதான்.

ஓடுதளம் கிளப்புக்குச் சொந்தமானதல்ல. சொந்தப் பாதை வேண்டும் என்று திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் நிலம் வாங்கி 3.7 கிலோமீட்டர் நீளப் பாதை அமைத்தது. 1990-இல் அது திறக்கப்பட்டது. சோழவரத்துப் பந்தயக் காலம் அதோடு முடிந்தது. ஹூண்டாய் தொழிற்சாலை அதே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில். பந்தயப் பாதை முந்திக்கொள்ள, கார் தொழிற்சாலை பின்னால் வந்த ஊர் அது.

இதற்கிடையே ஓட்டும் காரும் மாறிக்கொண்டிருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது: மூன்று சிலிண்டர், 796 சிசி, எடை குறைவு. கோயம்புத்தூர் ஆலை முதலாளிக் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் அந்த எஞ்சினை எடுத்து, 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்னும் மலிவான ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். வார்ப்படச் சாலையும் லேத்துப் பட்டறையும் தெருவுக்குத் தெரு இருக்கும் கோவையில் அது நடந்ததில் வியப்பில்லை. எஞ்சின் மட்டும் கடைச் சரக்கு, மற்றதெல்லாம் பந்தயத்துக்கென்றே செய்தது. ஸ்டாக் கார் கொள்கையிலிருந்து தமிழ்நாட்டுப் பந்தயம் விலகியது இங்கேதான். நட்டமில்லாத விலகல் என்று சொல்லிவிட முடியாது. ஃபியட்டை ஓட்டியவர் மறுநாள் அதே காரில் அலுவலகம் போகலாம். ஃபார்முலா மாருதியில் காய்கறி வாங்கப் போக முடியாது. ஆனால் வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் போகும் வழி அந்தக் காரில்தான் இருந்தது. கரிவர்தன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் பின்னர் அமைந்த 2.1 கிலோமீட்டர் பாதை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

தென்னிந்திய ராலியில் பலமுறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன், ஃபார்முலா மாருதி காரில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர். அந்தப் பந்தயத்தில் அவர் பெற்ற புள்ளிகள் அமெரிக்க மண்ணில், இண்டியானாபொலிஸில் கிடைத்தன. டயர் தகராறில் மற்றவர்கள் விலக, ஆறே கார்கள் ஓடிய அன்று அவர் நான்காவதாக வந்தார்.

2010-இல் அவர் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் சேர்ந்தார். பிக்கப் டிரக் உருவில் கூடு போர்த்திய ஸ்டாக் கார் என்று அந்த வண்டியைச் சொல்லலாம். மார்ச் 27 அன்று நடந்த அவருடைய முதல் பந்தயத்துக்கு வாய்த்த களம் மார்ட்டின்ஸ்வில். நீள்வட்டப் பாதையின் தந்திரங்களைச் சிறு வயது முதல் கற்றவர்களும் பிரேக்கைத் தேய்த்துத் தீர்த்துவிடும் 847 மீட்டர் வட்டம், 250 சுற்று, திருப்பம் அனைத்தும் இடப்பக்கம். கோயம்புத்தூர்க்காரர் 13-ஆவதாக வந்தார். அந்த ஆண்டு முடிவில் டிரக் பந்தயத்தின் மிகப் பிரபலமான ஓட்டுநர் யார் என்று ரசிகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடமும் அவருக்கே போனது.