அடுப்படியில் ஒரு ஜெப அறை



தியானத்துக்கு: சகரியா 14:20-21, 1 தெசலோனிக்கேயர் 5:17

சில வாரங்களுக்கு முன், ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், நம் சபைத் தாயார் ஒருவர் தயங்கியபடி என்னிடம் வந்தார். "ஐயா, காலையில் முழங்காற்படியிட்டுக் கண்ணை மூடினால் ஐந்து நிமிடம்கூட மனம் நிற்பதில்லை. அடுப்பில் வைத்த பாலுக்கு ஓடுகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஓடுகிறது. இப்படிப்பட்ட ஜெபத்தைக் கர்த்தர் கேட்பாரா?" என்றார். இன்னும் அதிகாலையில் எழும்பும்படியும், இன்னும் சற்று நேரம் ஒதுக்கும்படியும் அவருக்குச் சொல்லி அனுப்பினேன். நாலரை மணிக்கே எழும்பி வீட்டு வேலை பார்க்கிற ஒருவருக்கு அது என்ன பதில் என்று பிற்பாடு என் மனமே என்னைக் கடிந்துகொண்டது. அவருக்குச் சொல்லத் தவறியதை இந்த வாரம் ஒரு சமையற்காரருடைய வரலாற்றின் வழியாய்ச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கேள்வி எனக்கும் உரியது. உங்களில் அநேகருக்கும் உரியது.

போரும் ஒரு மரமும்

சகோதரர் லாரன்ஸ் என்று திருச்சபை அறிந்திருக்கிற அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நிக்கோலா எர்மான். 1614ஆம் ஆண்டு வாக்கில், இன்று பிரான்சின் கிழக்குப் பகுதியாய் இருக்கிற லொரேன் நாட்டில், லூனேவில் நகருக்கு அருகே எரிமெனில் என்னும் சிற்றூரில் பிறந்தார். எளிய குடும்பம், உயர்ந்த கல்விக்கு வழியில்லை.

அவருடைய பதினெட்டாம் வயதில், ஒரு குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டார். சில வாரங்களில் இது தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. அந்த எண்ணத்தோடு தேவனுடைய வல்லமையையும் பராமரிப்பையும் பற்றிய ஓர் உணர்வு அவர் உள்ளத்தில் பதிந்தது. அது பின்பு ஒருபோதும் தம்மை விட்டு நீங்கவில்லை என்று முதுமையிலும் அவர் சாட்சி சொன்னார்.

ஆனால் அந்த வெளிச்சம் அவரை உடனே ஜெபவீரர் ஆக்கிவிடவில்லை. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவை எரித்த முப்பதாண்டுப் போரில் அவரும் போர்வீரர் ஆனார். ஒருமுறை ஜெர்மானியப் படையினர் அவரை ஒற்றன் என்று பிடித்துத் தூக்கிலிடுவதாக அச்சுறுத்தினர். அவர் கலங்காது பதில் சொன்னதைக் கண்டு விடுவித்தனர். பின்னர் சுவீடன் படையினரோடு நடந்த சண்டையில் காயமுற்று வீடு திரும்பினார். கால் ஊனம் ஆயுள் முழுவதும் அவரோடு இருந்தது. தனிமையில் தவம் செய்து பார்த்தார்; அது நிலைக்கவில்லை. பாரிசில் ஒரு செல்வந்தர் வீட்டில் பணியாளராய் அமர்ந்தார். தாம் எதைத் தொட்டாலும் உடைத்துவிடுகிற முரட்டுக் கைக்காரன் என்று அந்நாட்களைப் பற்றி அவரே பின்னாளில் சொல்லிக்கொண்டார்.

1640ஆம் ஆண்டில் பாரிசிலிருந்த கர்மேல் துறவியர் மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் பெறாத, கைவேலை செய்யும் எளிய சகோதரர்களில் ஒருவராய் ஏற்றுக்கொள்ளப்பட்டார். 'உயிர்த்தெழுதலின் லாரன்ஸ்' என்ற பெயர் அங்கே இடப்பட்டது. தம் முரட்டுத்தனத்துக்கெல்லாம் அங்கே நல்ல தண்டனை கிடைக்கும், அதைத் தேவனுக்குப் பலியாய்ப் படைக்கலாம் என்று எண்ணிப் போனவர் அவர்.

சமையலறையில் பதினைந்து ஆண்டுகள்

மடத்தில் அவருக்குக் கிடைத்த பொறுப்பு சமையல். அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காத ஒன்று. இதை நாம் கவனிக்கவேண்டும். சமைப்பதில் ஆனந்தம் கண்ட மனிதர் தம் ஆனந்தத்தை ஜெபமாக்கினார் என்று இவ்வரலாற்றை வாசித்தால் அதன் சாரத்தையே இழந்துவிடுவோம். பிடிக்காத வேலையை ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் செய்தார். வேலையைத் தொடங்குமுன் தேவனுடைய உதவியைக் கேட்பார். செய்யும்போது அவரோடு பேசிக்கொண்டிருப்பார். முடிந்தபின் நன்றாய்ச் செய்திருந்தால் நன்றி சொல்வார், தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்பார். முறை அவ்வளவே. சட்டியிலிருக்கும் அடையைத் திருப்புவதையும் தேவன்மேல் வைத்த அன்பினால் செய்யலாம் என்பது அவர் கண்டுகொண்ட உண்மை. பிற்காலத்தில், கால் நோவு மிகுந்தபோது, உட்கார்ந்து செய்யக்கூடிய செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். அங்கேயும் அதே முறைதான்.

ஒருமுறை மடத்துக்குத் திராட்சரசம் வாங்கிவர அவரைப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரத்தில் அவருக்குத் திறமையில்லை. கால் ஊனத்தினால், படகில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகப் பீப்பாய்களின்மேல் உருண்டே போகவேண்டியிருந்தது. ஆனாலும் அவர் கலங்கவில்லை. இது தேவனுடைய காரியம் என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனார். காரியமும் நன்றாகவே முடிந்தது. பீப்பாய்களின்மேல் உருண்டுபோகும் அந்த ஊனமுற்ற மனிதரை ஒரு கணம் மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். 'ஜெபவீரர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும்புகிற உருவம் இதுவா?

சொல்லப்படாமல் விடப்படும் பத்து ஆண்டுகள்

சகோதரர் லாரன்சைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பாத்திரங்களின் நடுவே புன்னகையோடு நிற்கும் ஒரு பரிசுத்தவான் நமக்குக் கிடைக்கிறார். அதை வாசிக்கிற நாம், நமக்கு அந்தச் சமாதானம் வாய்க்காததால் இன்னும் சோர்ந்துபோகிறோம். அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் காட்டும் வரலாறு வேறு.

மடத்தில் சேர்ந்த தொடக்க காலத்தில், தனிஜெபத்துக்கென்று குறிக்கப்பட்ட வேளைகளை அவர் தேவனைத் தியானிப்பதில் செலவிட்டார். ஜெப முறைகளைக் கற்பிக்கும் நூல்கள் பலவற்றை வாசித்தார். அவை அவரைக் குழப்பின. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அவர் மிகவும் வேதனைப்பட்டார். தாம் விரும்பியபடி தேவனுக்கு உரியவராய் இல்லையே என்ற பயமும், பழைய பாவங்களின் நினைவும் அவரை வாட்டின. அடிக்கடி விழுந்தார், உடனே எழுந்தார். தாம் ஆக்கினைக்குட்பட்டவர் என்றே நான்கு ஆண்டுகள் நம்பியிருந்தார். எவராலும் அந்த எண்ணத்தை மாற்ற முடியவில்லை. கடைசியில், தமக்கு எது நேர்ந்தாலும், உயிருள்ளவரை தேவன்மேல் வைத்த அன்பினிமித்தமே எதையும் செய்வது என்று தீர்மானித்தார். இந்தத் துன்பத்திலேயே தம் நாட்கள் முடியும் என்று ஒப்புக்கொடுத்த பிற்பாடே, எதிர்பாராத வேளையில் அவருக்குள் ஆழ்ந்த சமாதானம் வந்தது.

அன்பானவர்களே, நாம் வியக்கும் அந்தச் சமாதானத்துக்குப் பின்னால் பத்து ஆண்டு வறட்சி இருந்தது. இலையற்ற மரத்தைப் பார்த்து விசுவாசித்தவர், தாமே இலையற்ற மரமாய் நெடுங்காலம் நின்றார். ஜெபத்தில் ஒன்றையும் உணராத நாட்கள் வீணான நாட்கள் என்று எண்ணிவிடாதிருங்கள். அந்நாட்களில் அவர் ஜெபத்தை விடவில்லை. அதுவே அவருடைய வரலாற்றின் நடுப்பக்கம்.

மனம் அலையும்போது

நம் சபைத் தாயார் கேட்ட அதே கேள்வியை அந்நாளில் ஒருவர் கடிதத்தில் அவரிடம் கேட்டிருக்கிறார். அவர் எழுதிய பதிலை என் சொற்களில் சுருக்கித் தருகிறேன்.

முதலாவது, மனம் அலைவது உங்களுக்கு மாத்திரம் நேர்வதில்லை என்று ஆறுதல் சொல்கிறார். அலைந்த மனத்தை அடித்து இழுக்காமல், அமைதியாய்த் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறார். கலங்கித் தவிப்பது மனத்தை இன்னும் சிதறடிக்கும்.

இரண்டாவது, ஜெபத்தில் சொற்களைப் பெருக்கவேண்டாம் என்கிறார். நீண்ட பேச்சே மனம் அலைவதற்கு வாய்ப்பாகிவிடுகிறது. செல்வந்தர் வாசலில் கிடக்கும், பேசவும் நடக்கவும் மாட்டாத ஏழையைப்போல தேவனுக்கு முன்பாக இருங்கள் என்கிறார். அழகிய வாசல் என்னப்பட்ட அலங்கார வாசலண்டையில் வைக்கப்பட்டிருந்த சப்பாணியை நாம் நினைத்துக்கொள்ளலாம். அவனால் செய்ய முடிந்தது அங்கே இருப்பதும் ஏறிட்டுப் பார்ப்பதுமே.

மூன்றாவதாக அவர் சொல்வதே நான் அன்று சொல்லத் தவறிய பதில். ஜெபவேளையில் மனம் நிற்கவேண்டுமானால், மற்ற வேளைகளில் அதை வெகுதூரம் அலையவிடாதிருக்கவேண்டும். நாள் முழுவதும் தேவனை மறந்திருந்துவிட்டு, முழங்காலிட்ட அந்தப் பத்து நிமிடத்தில் மனத்தை அடக்கப் பார்ப்பது கடினம். நாள் நெடுகிலும் அவ்வப்போது அவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால், ஜெபவேளையில் மனம் தானாகவே வீடு திரும்பும்.

ஓயாது ஜெபிக்கும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது துறவிகளுக்கு எழுதிய கட்டளையன்று. கைத்தொழில் செய்து பிழைத்த விசுவாசிகளுக்கு, தாமும் இரவும் பகலும் வேலை செய்த அப்போஸ்தலன் எழுதியது. ஆலயத்தின் சமையற்பானைகளும் பலிபீடத்துக்கு முன்னிருக்கும் பாத்திரங்களுக்கு ஈடான பரிசுத்தம் பெறும் நாளைச் சகரியா கண்டார். பாரிசின் ஒரு மடத்துச் சமையலறையில் அந்த நாளின் வெளிச்சத்தைச் சற்றே காண்கிறோம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'வேலையே எனக்கு ஜெபம்' என்று சொல்லித் தனிஜெப வேளையை விட்டுவிட இவ்வரலாற்றைச் சாக்காக்கக் கூடாது. குறித்த வேளைகளில் ஜெபிக்கும் ஒழுங்குக்குள் வாழ்ந்தவர் அவர். அறைக்குள் கதவைப் பூட்டி ஜெபிக்கக் கற்றவருக்கே கதவில்லாத அடுப்படியும் ஜெப அறை ஆகிறது.

நம்மிடம் வந்த வழி

1666ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி ஜோசப் தெ போஃபோர் என்னும் குருவானவர் அவரை முதன்முறை சந்தித்தார். பதினான்காம் லூயி மன்னர் தம் மகிமையைப் பிரான்செங்கும் பறைசாற்றிய காலம் அது. அறிஞர்களுக்குக் குறைவில்லாத பாரிசில் அந்தக் குருவானவர் ஜெபத்தைக் கற்றுக்கொள்ள ஒரு சமையற்காரரைத் தேடிப்போனார். அந்த உரையாடல்களைக் குறித்தும் வைத்தார். 1691 பிப்ரவரி 12ஆம் தேதி லாரன்ஸ் மரித்தார். கடைசி நாட்களில், என்ன செய்துகொண்டிருக்கிறீர் என்று கேட்டவர்களுக்கு, நித்தியம் முழுவதும் செய்யப்போவதையே இப்போதும் செய்கிறேன், தேவனைத் துதித்து அவரில் அன்புகூருகிறேன் என்னும் கருத்தில் பதில் சொன்னார். அடுத்த ஆண்டிலேயே அவருடைய கடிதங்களையும், 1694இல் உரையாடல்களையும் போஃபோர் அச்சிட்டார்.

லாரன்ஸ் கத்தோலிக்கத் துறவி. அவருடைய சபையின் உபதேசங்கள் எல்லாவற்றையும் நாம் ஏற்பதில்லை. ஆயினும் அவருடைய எழுத்துகளைச் சீர்திருத்தத் திருச்சபையினரும் போற்றிக் காத்தனர். ஜான் வெஸ்லி தம் மக்களுக்கென்று தொகுத்த பக்தி நூல் வரிசையில் லாரன்சின் எழுத்துகளிலிருந்தும் பகுதிகளைச் சேர்த்தார். ஆண்டவரைத் தாகத்தோடு தேடியவருடைய சாட்சி சபை எல்லைகளைத் தாண்டிப் போயிற்று.

இந்த வாரம் புதிய ஜெப நேரம் எதையும் நான் உங்கள்மேல் சுமத்தவில்லை. நீங்கள் ஏற்கனவே ஜெபிக்கிற வேளையைக் காத்துக்கொள்ளுங்கள். அதோடு, உங்களுக்கு மிகவும் பிடிக்காத ஒரு வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். பாத்திரம் கழுவுவதோ, கணக்கு எழுதுவதோ, பேருந்துக்குக் காத்திருப்பதோ எதுவாயினும் சரி. தொடங்குமுன் ஒரு வார்த்தை ஆண்டவரிடம் சொல்லுங்கள். முடிந்தபின் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நடுவில் மறந்துபோனால், மறந்ததற்காக அழுதுகொண்டிராமல் மறுபடியும் அவரிடம் திரும்புங்கள்.

அம்மா, இதை நீங்கள் வாசிப்பீர்களானால், அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுவே என் பதில். பாலை நோக்கி ஓடிய உங்கள் மனத்தோடு ஆண்டவரும் அடுப்படிக்கு வந்திருக்கிறார். அங்கேயே அவரோடு பேசுங்கள், அவர் கேட்கிறார்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, சிதறிப்போகிற எங்கள் மனத்தை நீர் அறிவீர். நாங்கள் ஒன்றையும் உணராத நாட்களிலும் உம்முடைய வாசலை விட்டுப் போகாதிருக்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் அடுப்படியையும் பணியிடத்தையும் உம்முடைய சமுகம் தங்கும் இடமாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.