எல்லைச் செய்தி எங்கே தேங்கியது? இந்திய ராணுவ உளவு அமைப்பின் வரலாறும் கட்டமைப்பும்

ரஞ்சன்காவ் (புனே): புனேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது ரஞ்சன்காவ். அஷ்ட விநாயகத் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயிலும் மாநில அரசின் தொழிற்பேட்டையும் இவ்வூரின் அடையாளங்கள். இச்சாலையின் ஒரு முனையான புனேயில் ராணுவத்தின் தெற்குப் பிராந்தியத் தலைமையகம் உள்ளது. மறுமுனையான அகில்யாநகரில் கவசப் படையினரின் பயிற்சி மையம் உள்ளது. அதே புனேயில்தான் ராணுவ உளவுப் பணியாளர்களை உருவாக்கும் ராணுவ உளவுப் பயிற்சிப் பள்ளியும் இயங்கி வருகிறது.

'ரா', 'ஐ.பி.' ஆகிய பெயர்களைக் கேள்விப்படாதவர் குறைவு. ஆனால், முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை என்ற அமைப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. 2002-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கப்பட்ட இம்முகமை, ஒரு பெருந்தவறிலிருந்து கற்ற பாடத்தின் விளைவாகும்.

மேய்ப்பர் கொண்டுவந்த செய்தி

1999 மே மாதத் தொடக்கத்தில், லடாக்கின் படாலிக் பகுதியில் காணாமல்போன தமது காட்டெருமையைத் தேடிச் சென்ற தாஷி நாம்கியால் என்ற மேய்ப்பர், மலைமுகட்டில் அந்நியர் சிலர் பதுங்குகுழி அமைப்பதைக் கண்டார். உடனே இந்திய ராணுவத்தினரிடம் அவர் தகவல் தெரிவித்தார். பாகிஸ்தான் படையினர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்து சிகரங்களைக் கைப்பற்றியிருப்பது அதன்பின்னரே படிப்படியாக வெளிப்பட்டது.

அச்சிகரங்களை மீட்க நடந்த போரில், அரசின் கணக்குப்படி, 527 இந்திய வீரர்கள் உயிர்நீத்தனர். தமிழகத்தின் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் அவர்களுள் ஒருவர். பீகார் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் எதிரியின் நிலையைத் தாக்கச் சென்றபோது வீரமரணம் அடைந்தார். மறைவுக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

ஊடுருவல் ஏன் முன்கூட்டியே கண்டறியப்படவில்லை என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதற்கு விடை காண, 1999 ஜூலை 29 அன்று கார்கில் ஆய்வுக் குழுவை மத்திய அரசு அமைத்தது. அதன் தலைவர் கே. சுப்ரமணியமும் திருச்சியில் பிறந்தவரே. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த அவர், நாட்டின் முதன்மையான பாதுகாப்புக் கொள்கை வல்லுநராக அறியப்பட்டவர். லெப்டினன்ட் ஜெனரல் கே.கே. ஹஜாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், சதீஷ் சந்திரா ஆகியோர் குழுவின் மற்ற உறுப்பினர்கள்.

2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை, தனிநபர் எவர்மீதும் பழி சுமத்துவதைவிட அமைப்பு முறையின் குறைகளைச் சுட்டுவதிலேயே கவனம் செலுத்தியது. ஒவ்வோர் அமைப்பிடமும் துண்டுதுண்டாகச் சில தகவல்கள் இருந்தன. அவற்றை ஓரிடத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்கவும், படைகளின் தேவையை உளவு அமைப்புகளுக்கு உணர்த்தவும் முறையான ஏற்பாடு இல்லை. முப்படைகளுக்கும் பொதுவான ஓர் உளவு முகமை தேவை என்ற கருத்து இதிலிருந்தே வலுப்பெற்றது.

சிம்லாவில் தொடங்கிய வரலாறு

இந்தியாவில் ராணுவ உளவுப் பணிக்குத் தனிக்கிளை அமைக்கப்பட்டது ஆங்கிலேயர் ஆட்சியில். ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா ஆகியவற்றின் மீது ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் போட்டி நிலவிய காலத்தில், 1878-இல் சிம்லாவில் ராணுவத்தின் உளவுக் கிளை ஏற்படுத்தப்பட்டது. எல்லைப்புற நாடுகளின் வழித்தடங்கள், கணவாய்கள், பழங்குடிகள் பற்றிய விவரங்களைத் தொகுப்பதே அதன் முதன்மைப் பணி.

இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியப் படைகள் பர்மா வழியே இந்திய எல்லையை நெருங்கிய சூழலில் இப்பணி விரிவடைந்தது. ராணுவ உளவுப் படைப்பிரிவு அக்காலத்திலேயே உருவாக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின்னர், அயல்நாட்டு உளவுப் பணியின் பெரும்பொறுப்பு குடிமைத் துறை அமைப்பான உளவுத்துறையிடமே (ஐ.பி.) இருந்தது. 1962-இல் சீனாவுடனும் 1965-இல் பாகிஸ்தானுடனும் நடந்த போர்கள் இந்த ஏற்பாட்டின் போதாமையைக் காட்டின. அதன் விளைவாக 1968 செப்டம்பரில் ஆர்.என். காவ் தலைமையில் 'ரா' அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. எனினும், தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் உளவு இயக்ககங்கள் தனித்தனியாகவே இயங்கின. அவற்றை ஒருங்கிணைக்கும் முகமை அடுத்த 34 ஆண்டுகளுக்கு உருவாகவில்லை.

பிற நாடுகளில்

அமெரிக்கா 1961-இலேயே தனது பாதுகாப்பு உளவு முகமையைத் தொடங்கிவிட்டது. பிரிட்டன் 1964-இல் முப்படை உளவுப் பிரிவுகளை ஒன்றிணைத்தது. பாகிஸ்தானில் ஐ.எஸ்.ஐ. அமைப்பு 1948 முதல் இயங்கி வருகிறது. அது வெளிநாட்டு உளவு, உள்நாட்டு விவகாரம் ஆகிய இரண்டிலும் ஈடுபடுவதால், இந்திய முகமையோடு நேரடியாக ஒப்பிடத்தக்கதன்று.

முகமையின் தோற்றம்

கார்கில் குழுவின் பரிந்துரைகளை ஆராய, 2000 ஏப்ரலில் அப்போதைய உள்துறை அமைச்சர் எல்.கே. அத்வானி தலைமையில் அமைச்சர்கள் குழு அமைக்கப்பட்டது. உளவு அமைப்புகளைச் சீரமைப்பது குறித்து ஆராய, 'ரா' அமைப்பின் முன்னாள் தலைவர் கிரீஷ் சந்திர சக்சேனா தலைமையில் தனிப் பணிக்குழு நியமிக்கப்பட்டது. 2001 பிப்ரவரியில் அமைச்சர்கள் குழு தனது அறிக்கையை அளித்தது. அதன்படி 2001 அக்டோபரில் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணியாளர் தலைமையகமும், 2002 மார்ச்சில் பாதுகாப்பு உளவு முகமையும் செயல்பாட்டுக்கு வந்தன. முகமையின் முதல் தலைமை இயக்குநராக லெப்டினன்ட் ஜெனரல் கமல் தாவர் பொறுப்பேற்றார்.

கட்டமைப்பு எப்படி?

தலைமை: முகமையின் தலைமை இயக்குநர், லெப்டினன்ட் ஜெனரல் அல்லது அதற்கு இணையான தகுதி உடையவர். ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணியாளர் தலைமையகத்தில் உளவுப் பிரிவுக்கான துணைத் தலைவர் பொறுப்பையும் அவரே வகிக்கிறார். 2020 ஜனவரி 1 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பதவியை ஜெனரல் விபின் ராவத் முதன்முதலில் ஏற்றது முதல், இத்தலைமையகம் அப்பதவியின்கீழ் வருகிறது.

செயற்கைக்கோள் படங்கள்: பாதுகாப்புப் படச் செயலாக்க மற்றும் பகுப்பாய்வு மையம் முகமையின்கீழ் உள்ளது. விண்ணிலிருந்து எடுக்கப்படும் படங்களை ஆராய்ந்து, எதிர்தரப்பில் புதிய சாலை, ஓடுதளம், முகாம் போன்றவை தோன்றியுள்ளனவா என்பதை அறிவது இதன் பணி.

மின்னணுத் தகவல்: எதிர்தரப்பின் வானொலித் தொடர்பு, ராடார் அலை ஆகியவற்றை இடைமறித்து ஆராயும் சமிக்ஞை உளவு இயக்ககமும் முகமையின் கட்டுப்பாட்டில் உள்ளது.

வெளிநாட்டுத் தூதரகங்கள்: இந்தியத் தூதரகங்களில் பணியாற்றும் பாதுகாப்பு ஆலோசகர்களின் பணிகளை முகமை ஒருங்கிணைக்கிறது.

முப்படை இயக்ககங்கள்: முகமை வந்த பின்னரும் மூன்று படைகளின் உளவு இயக்ககங்கள் கலைக்கப்படவில்லை. தரைப்படையின் உளவு இயக்ககத்துக்கு லெப்டினன்ட் ஜெனரல் ஒருவர் தலைமை வகிக்கிறார். களத்தில் உடனடியாகத் தேவைப்படும் தகவலை இவ்வியக்ககங்களும் அவற்றின் பிரிவுகளும் திரட்டுகின்றன. அவற்றைத் தொகுத்து, முப்படைகளுக்கும் அரசுக்கும் பொதுவான மதிப்பீட்டை அளிப்பது முகமையின் கடமை.

உள்ளிருந்து கசியும் தகவல்

எதிரியின் நகர்வை அறிவது ராணுவ உளவின் ஒரு பாதி. தமது தகவல் எதிரிக்குச் செல்லாமல் காப்பது மறுபாதி. 2023 மே மாதம் புனேயில், பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் ஆய்வகம் ஒன்றின் இயக்குநராக இருந்த அறிவியலாளரை, பாகிஸ்தான் உளவாளியுடன் சமூக ஊடகம் வழியே தொடர்பில் இருந்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு கைது செய்தது. போர்முனையிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள நகரத்திலும் உளவுப் போர் நடைபெறக்கூடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. ஆய்வகப் பணியாளர்கள், படைவீரர்கள், அவர்தம் குடும்பத்தினர் என எவரையும் கைப்பேசி வழியே அணுக முடிகிற காலம் இது.

யாருக்குப் பதில் சொல்வது?

உளவு அமைப்புகள் பற்றிய பொதுத் தகவல் இந்தியாவில் மிகக் குறைவு. கார்கில் குழு அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோதே சில பகுதிகள் பாதுகாப்புக் காரணங்களுக்காக நீக்கப்பட்டிருந்தன. அமைச்சர்கள் குழு அறிக்கையில் உளவு அமைப்புகள் குறித்த அத்தியாயம் வெளியிடப்படவே இல்லை.

அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் உளவு அமைப்புகளை ஆராய நாடாளுமன்ற அளவிலான குழுக்கள் சட்டப்படி அமைந்துள்ளன. இந்தியாவில் அத்தகைய குழு இல்லை. இதற்கென மக்களவை உறுப்பினர் மணீஷ் திவாரி 2011-இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. மேற்பார்வை மிகுந்தால் ரகசியம் காக்க இயலாது என்பது ஒரு தரப்பின் வாதம். மேற்பார்வையே இல்லாவிட்டால் தவறுகள் பேரிழப்புக்குப் பின்னரே வெளிவரும் என்பது மறுதரப்பின் வாதம்.

முகமை தொடங்கப்பட்டு இருபதாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. விண்ணில் செயற்கைக்கோள்கள் பெருகியுள்ளன. மின்னணுக் கருவிகள் நுட்பமாகியுள்ளன. ஆயினும், 1999-இல் கார்கில் குழு எழுப்பிய அடிப்படைக் கேள்வி மாறவில்லை: கிடைத்த தகவல், அது தேவைப்படுபவரிடம், தேவைப்படும் நேரத்தில் சென்று சேர்கிறதா? அதற்கான விடையைப் பொறுத்தே மலைமுகட்டில் காவல் நிற்கும் வீரரின் உயிர் அமைகிறது.