டர்போ பொருத்துதல்: எஞ்சினின் தாங்கு வரம்பு

உள்பாகங்களை மாற்றாத எஞ்சினில் டர்போசார்ஜரோ சூப்பர்சார்ஜரோ பொருத்தும்போது, அது பழுதின்றித் தாங்கக்கூடிய உச்சத் திறனே தாங்கு வரம்பு. இந்தச் சார்ஜர்கள் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்துபவை. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1 பார். அதன்மேல் 0.5 பார் கூட்டினால், கொள்கையளவில் சிலிண்டருக்குள் செல்லும் காற்று ஒன்றரை மடங்காகும். அழுத்தும்போது காற்று சூடாவதால் உண்மையான ஆதாயம் குறையும். அக்காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை ஓரளவு ஈடுகட்டும்.

வரம்பை முடிவுசெய்பவை முக்கியமாக இரண்டு. முதலாவது நாக்கிங்: சுடர் எட்டுமுன்பே எரிபொருள்-காற்றுக் கலவை தானாக வெடித்துப் பிஸ்டனையும் ஹெட் கேஸ்கெட்டையும் சிதைப்பது. சிலிண்டருக்குள் கலவை சுருக்கப்படும் அழுத்த விகிதம் உயர்ந்தாலும், பெட்ரோலின் ஆக்டேன் எண் தாழ்ந்தாலும் இது எளிதில் நேரும். இரண்டாவது, பிஸ்டனைச் சுழல்தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் வலிமை. குறைந்த சுழற்சி வேகத்தில் திடீரென எழும் முறுக்குவிசை ராடை வளைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் எஞ்சின், 9.4:1 அழுத்த விகிதத்தில் சுமார் 115 குதிரைத்திறன் தந்தது. சக்கரத்தில் அளக்கும் 200 முதல் 250 குதிரைத்திறன் வரையே அதன் ராடுகள் தாங்கும் என்பது டர்போ பொருத்துவோரின் பொதுக் கணிப்பு. எரிபொருள் அளவோ ஸ்பார்க் நேரமோ பிசகினால், அதற்கு வெகு கீழேயே எஞ்சின் உடையலாம்.