போயிருச்சுன்னு பாத்தா திரும்பி வருதே! – ஒரு டூல்பார் புராணம்

உலாவிக்குள்ள கூப்பிடாம வந்து உக்காந்துக்கற நீட்சிகளைப் பத்தி எழுதணும்னா 1997-ல இருந்து ஆரம்பிக்கணும். அந்த வருஷம் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-ல மைக்ரோசாஃப்ட் ஒரு வசதி செஞ்சு குடுத்தாங்க. பேரு ‘பிரவுசர் ஹெல்பர் ஆப்ஜெக்ட்’, சுருக்கமா பிஹெச்ஓ. யார் வேணா ஒரு டிஎல்எல் எழுதி, ரெஜிஸ்ட்ரியில ஒரே ஒரு வரி சேத்துட்டா போதும். ஐஈ திறக்கறப்பல்லாம் அதுவும் கூடவே ஏறிக்கும். நீங்க எந்தப் பக்கம் பாக்கறீங்க, என்ன தட்டறீங்கன்னு எல்லாம் அதுக்குத் தெரியும். ‘இதை சேத்துக்கலாமா?’ன்னு பயனர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கற ஏற்பாடு கிடையாது. என்னென்ன ஏறியிருக்குன்னு காட்டற ஜன்னல்கூட கிடையாது. அந்த ஜன்னல் வந்தது 2004 ஆகஸ்ட்ல, எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 கூடத்தான். நடுவுல முழுசா ஏழு வருஷம்!

இந்த ஏழு வருஷத்துலதான் கேட்டர், பான்ஸிபட்டி மாதிரி ஆட்கள் சம்பாதிச்சாங்க. பான்ஸிபட்டி ஊதா கலர் குரங்கு, திரையில குதிச்சு ஜோக் சொல்லும். குழந்தைகளோட தகவலைப் பெத்தவங்க அனுமதி இல்லாம வாங்கினதுக்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 2004-ல 75,000 டாலர் அபராதம் கட்டிச்சு. கேட்டர் மத்தவங்க தளத்து மேல தன்னோட விளம்பரத்தை ஒட்டற கம்பெனி. பேரு ரொம்பக் கெட்டதும் 2003-ல ‘கிளாரியா’ன்னு மாத்திக்கிட்டாங்க. பேரை மாத்தினா பாவம் போயிருமா என்ன?

ஆனா ‘திரும்பி வர்ற’ கலையில பி.எச்.டி. வாங்கினது 2003-ல தலைகாட்டின கூல்வெப்சர்ச். முகப்புப் பக்கத்தை மாத்தும். சரி பண்ணி வச்சா அடுத்த பூட்ல பழையபடி ஆக்கிடும். சுத்தம் பண்ற மென்பொருளைத் திறந்தா அதையே மூடற வகையும் இருந்துச்சு. ஃபைலை அழிச்சா போச்சுன்னு நினைப்பீங்க. நடக்காது. பிஹெச்ஓ ஐஈ-யில மட்டுமில்ல, விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்லயும் ஏறியிருக்கும். டெஸ்க்டாப்பே அந்த ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதால ‘ஃபைல் பயன்பாட்டில் உள்ளது’ன்னு பதில் வரும். சேஃப் மோடுல போய்த்தான் அழிக்கணும். அதையும் தாண்டி, ரெண்டு புரோக்ராம் ஒண்ணை ஒண்ணு காவல் காக்கற ஏற்பாடு. ஒண்ணைக் கொன்னா இன்னொண்ணு உயிர் குடுக்கும். மைராவணன் கதையேதான், அஞ்சு விளக்கையும் ஒரே நேரத்துல அணைச்சாத்தான் ஆள் சாவான்.

இதுக்கு எதிரா நின்னது பெரிய கம்பெனி எதுவும் இல்லைங்க. மெரைன் பெல்லகோம்ங்கற நெதர்லாந்து மாணவர் ஹைஜாக்திஸ், சிடபிள்யூஷ்ரெட்டர்னு ரெண்டு கருவி எழுதி இலவசமா குடுத்தார். ஹைஜாக்திஸ் நல்லது கெட்டது எதுவும் சொல்லாது. மாறக்கூடிய இடத்தையெல்லாம் ஒரு பட்டியலா கொட்டும், ஓ2-ன்னா பிஹெச்ஓ, ஓ3-ன்னா டூல்பார்னு. அந்தப் பட்டியலைப் படிச்சு ‘இதை எடு, அதைத் தொடாதே’ன்னு முகம் தெரியாதவங்களுக்கு ராத்திரி கண்முழிச்சு சொல்லிக் குடுத்த தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கானவங்க. 2007-ல ட்ரெண்ட் மைக்ரோ அதை வாங்கிக்கிச்சு. என்னைக் கேட்டா, இந்த சரித்திரத்துல சிலை வைக்கணும்னா அவங்களுக்குத்தான் வைக்கணும்.

ஐஈ-தான் மோசம், நெருப்புநரிக்கு மாறுங்கன்னு எல்லாரும் மாறினோம். அங்கயும் வந்துச்சு. வந்தது யாரு? சாட்சாத் மைக்ரோசாஃப்டே! 2009 பிப்ரவரியில விண்டோஸ் அப்டேட் வழியா டாட்நெட் 3.5 சர்வீஸ் பேக் 1 இறங்கினப்போ, ஃபயர்ஃபாக்ஸுக்குள்ள ‘டாட்நெட் ஃபிரேம்வொர்க் அசிஸ்டன்ட்’னு ஒரு நீட்சி சத்தமில்லாம உக்காந்துச்சு. அன்இன்ஸ்டால் பட்டன் இருக்கும், ஆனா அமுக்க முடியாது, சாம்பல் பூத்துக் கிடக்கும். எடுக்கணும்னா ரெஜிஸ்ட்ரியில கை வைக்கணும். அப்புறம் மே மாசம் ஒரு அப்டேட் விட்டு எடுக்க வழி பண்ணாங்க. அக்டோபர்ல ஒரு பாதுகாப்பு ஓட்டைன்னு தெரிஞ்சதும் மொஸில்லா தன்னோட தடைப்பட்டியல்ல அதைச் சேத்துச்சு. ஆபரேட்டிங் சிஸ்டம் என்னோடதுன்னா உலாவியும் என்னோடதுங்கற நினைப்பு இது. இதுல விளம்பரமும் கிடையாது, வைரஸும் கிடையாது. ஆனா கேக்காம வந்ததுன்னு பாத்தா பான்ஸிபட்டிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல.

2010-க்கு அப்புறம்தான் பண மழை. தேடல் விளம்பரத்துல பங்கு, அதனால டூல்பார் இறக்கித் தர்றவனுக்கு ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் காசு. ஜாவா அப்டேட் கூட ஆஸ்க் டூல்பார், டிக் போட்டே வரும். அதை எடுக்க மறந்தா ஜாவா முடிஞ்சு பத்து நிமிஷம் கம்முனு இருந்துட்டு அப்புறமா இறங்கும்னு எட் பாட்ங்கற பத்திரிகையாளர் 2013 ஜனவரியில கண்டுபிடிச்சு எழுதினார். பாதுகாப்புக்காரங்க பயன்படுத்தற என்மேப்பையே 2011 டிசம்பர்ல டவுன்லோட்.காம் ஒரு டூல்பாரோட பொட்டலம் கட்டிக் குடுத்து, அதை எழுதின ஃபியோடர் கொதிச்சுப் போனார். கான்டியூட்னு ஒரு கம்பெனி இன்னும் ஒரு படி மேல. அவங்க மாத்தின தேடல் பக்கத்தை நீங்க திரும்ப மாத்தாம தடுக்கற மென்பொருளுக்கு வச்ச பேரு ‘சர்ச் புரொடக்ட்’. பாதுகாப்பாம்! சொந்தக்காரங்க வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனாக்கூட ‘தம்பி கம்ப்யூட்டர் படிக்கிறியாமே, இதைக் கொஞ்சம் பாரேன்’னு ஒரு பொட்டியைக் காட்டுவாங்க. பாதி திரைக்கு டூல்பாரா இருக்கும் :-)

உலாவிக்காரங்க வேலி போட ஆரம்பிச்சாங்க. வெளியில இருந்து நுழையற நீட்சியை, பயனர் சரின்னு சொல்ற வரைக்கும் முடக்கி வைக்கறது 2011 நவம்பர்ல ஃபயர்ஃபாக்ஸ் 8-லயும் 2013-ல க்ரோம் 25-லயும் வந்துச்சு. 2014-ல விண்டோஸ் க்ரோம்ல கடையில இருக்கற நீட்சி மட்டும்தான்னு ஆச்சு. இங்கதான் கதை சுவாரஸ்யமாகுது. கடை வழியாத்தான் வரணும்னா, கடையில ஏற்கெனவே நல்ல பேரோட இருக்கற நீட்சியையே விலைக்கு வாங்கிட்டா? நம்மளை மாதிரி பதிவரான அமித் அகர்வால், ஒரு மணி நேரத்துல எழுதின ‘ஆட் டு ஃபீட்லி’யை நாலு இலக்க டாலருக்கு வித்துட்டார். வாங்கினவங்க உள்ள விளம்பரத்தை நுழைச்சு அப்டேட் விட்டாங்க. தானா அப்டேட் ஆகற வசதி இருக்கே, அதுவே பயன்படுத்தறவங்க எல்லார் வீட்டுக்கும் கொண்டு போய் சேத்துருச்சு. இதையெல்லாம் 2014 ஜனவரியில அவரே வெளிப்படையா எழுதினார். இதே கதை 2020-ல ‘தி கிரேட் சஸ்பெண்டர்’க்கு நடந்து, 2021 பிப்ரவரியில கூகுள் அதைத் தூக்கிச்சு.

வேலியால நஷ்டமே இல்லையான்னா இருக்கு. கடைக்காரர் வச்சதுதான் சட்டம். மேனிஃபெஸ்ட் 3 விதிகள் வந்ததும், விளம்பரத்தைத் தடுத்துக்கிட்டிருந்த யூபிளாக் ஆரிஜினையே 2024-25-ல க்ரோம் நிறுத்திருச்சு. டூல்பார்காரங்க பண்ணின அட்டகாசத்துக்குப் போட்ட பூட்டு, நாம விரும்பி வச்சிருந்ததையும் வெளிய தள்ளிருச்சு. எனக்கு இதுல வருத்தம் உண்டு.

சரி, இன்னிக்கு ஒண்ணு வந்து ஒட்டிக்கிச்சுன்னா? நீட்சிப் பக்கத்துல அழிக்கறதுக்கு முன்னாடி கன்ட்ரோல் பேனல்ல அதைக் கொண்டு வந்த புரோக்ராமை முதல்ல எடுங்க. அதை விட்டுட்டா மறுபடி போட்டுரும். உலாவி ஷார்ட்கட்டோட டார்கெட் வரி கடைசியில ஏதாவது முகவரி ஒட்டியிருக்கான்னு பாருங்க. இது பழைய டிரிக், இன்னும் செல்லும். வீட்டு மெஷின்ல ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ன்னு க்ரோம் சொன்னா பாலிசி பக்கத்தைத் திறந்து பாருங்க. ஆபீஸ்களுக்காக வச்ச ‘எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்’ங்கற வரியை அவங்க உபயோகிச்சிருந்தா, அந்த நீட்சிக்கு நீக்கற பட்டனே இருக்காது. ரெஜிஸ்ட்ரியில அந்த வரியைத்தான் அழிக்கணும். க்ரோமுக்குள்ளயே இருந்த சுத்தப்படுத்தற கருவியை 2023 மார்ச்ல கூகுள் எடுத்துட்டதால, அட்வ்க்ளீனர் ஒரு தடவை ஓட்டறது நல்லது. ரெண்டு மூணு பொட்டியில ஒரே கணக்குல சிங்க் போட்டிருக்கறவங்க, சிங்கை நிறுத்திட்டு எல்லாத்துலயும் சுத்தம் பண்ணி முடிச்சப்புறம் திரும்பப் போடுங்க.